வடிக்காத சோறு

எங்கள் வீட்டில் சோறு வடிப்பதை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது சோறு பொங்குவது நான்தான். அதுவும் ஜப்பானில் ஓர் அம்மாள் செய்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்ட முறையில். இதைச் சொன்னபோது கடற்கரையில் என்னோடு காலையில் நடக்கும் நண்பர்கள் சிரித்தார்கள். "புதுச்சேரிக்காரனுக்குச் சோறாக்க ஜப்பான்காரன் வந்து சொல்லிக் கொடுக்கணுமா?" என்றார் ஒருவர். கேள்வி நியாயமானதுதான். அவருக்கு அன்று நின்றபடி சொன்ன பதிலைத்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில், கொதிக்கிற பானையைக் கையால் சாய்த்துக் கஞ்சி வடிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பதிலாக, அளந்து, ஊறவைத்து, மூடி, அடங்கவிட்டு எடுக்கும் ஜப்பானிய ஒழுங்கை நம் அரிசிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். சோறும் நன்றாக வரும். இதை ஆண்கள் கற்றுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இனி காரணங்கள்.

முந்தின வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் மனைவிக்கு அப்போது எழுபத்தொரு வயது. ஐம்பது வருடத்துக்கு மேல் அவள் கையால் வடித்த சோற்றைத்தான் சாப்பிட்டு வந்தேன். மணிக்கட்டில் இரண்டு வருடமாக வலி. பானை கனக்கிறது என்று சில சமயம் சொல்வாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே "சின்னப் பானையா வாங்கிக்கோயேன்" என்பேன். அன்று வடிதட்டைத் துணியோடு சேர்த்துப் பிடித்துச் சாய்க்கும்போது தட்டு நழுவிவிட்டது. கொதிக்கிற கஞ்சி இடது கால் மேல் கொட்டிவிட்டது. நான் கூடத்தில் இருந்தேன். பானை உருண்ட சத்தம் கேட்டதே தவிர, அவள் சத்தம் போடவில்லை. உள்ளே போனால், தரையெல்லாம் சோறு. சுவரைப் பிடித்தபடி நின்று, "என்னங்க, வழுக்கும், செருப்புப் போட்டுட்டு வாங்க" என்கிறாள்.

வெந்நீரைவிடக் கஞ்சி மோசம். தண்ணீர் வழிந்து ஓடிவிடும், கஞ்சி பசைபோல ஒட்டிக்கொண்டு சுடும். குழாய்த் தண்ணீரை வெகுநேரம் காலில் ஊற்றினோம். பிறகு மருத்துவமனை, கட்டு, மாத்திரை. சர்க்கரை உள்ள உடம்பு என்பதால் புண் ஆற ஏழு வாரம் பிடித்தது. அந்த ஏழு வாரத்தில்தான் எனக்கு அடுப்பங்கரை அறிமுகமானது.

முப்பத்தெட்டு வருடம் அரசாங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்தவன் நான். மாற்றலாகிக் காரைக்காலில் ஆறு வருடம் இருந்தேன், மாஹேயில் ஒன்றரை வருடம், ஏனாமில் பத்து மாதம். காரைக்காலில் மெஸ் சாப்பாடு, மாஹேயில் சிவப்பரிசிச் சோறு, ஏனாமில் ஆந்திரச் சாப்பாடு. மூன்று ஊர்ச் சோறும் தின்றிருக்கிறேன். ஓர் ஊரிலும் ஒரு பிடி அரிசி களைந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

முதல் வாரம் குக்கரில் வைத்தேன். விசில் கணக்கு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மூன்று விசில் என்றாள் மருமகள், ஐந்து என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு நாள் களி, மறுநாள் பருக்கை நடுவில் கல்லுபோல் முனை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டுவிட்டு, "பசியில்ல" என்று தட்டை நகர்த்தினாள். வாயைத் திறந்து குறை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. எட்டாம் நாள் இரவு படுக்கையில் யோசித்தபோதுதான் நிஷி கசாய் ஞாபகம் வந்தது.

தோக்கியோவில் எதோகாவா வட்டத்தில் நிஷி கசாய் என்று ஒரு பகுதி. இந்தியர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். என் இளைய மகள் அங்கே இருந்தபோது, 2018ஆம் ஆண்டு, செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை போய்த் தங்கினோம். மகள் வீட்டுக்கு எதிரே வயதான ஓர் அம்மாள் தனியாக இருந்தார். எண்பதை நெருங்கியவர். என் மனைவிக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு நாள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்துகொள்வார்கள். மகள் இருக்கிற நேரம் மொழிபெயர்ப்பாள், இல்லாத நேரம் கைச்சாடைதான். நான் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

அந்த அம்மாள் அரிசி களைவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சிரத்தை! ஒரு சின்னக் கோப்பை நிறைய அரிசி எடுத்து, மேலே குவிந்ததை விரலால் வழித்துத் தள்ளிச் சமன் செய்தார். அந்த அளவுக்கு 'கோ' என்று பெயர். 180 மில்லி, எடையில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி. நம் வீட்டு ரைஸ் குக்கரோடு கொடுக்கும் பிளாஸ்டிக் கோப்பையும் இந்த அளவுதான், கவனித்திருக்க மாட்டோம். பிறகு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி, உடனே கொட்டிவிட்டார். முதல் தண்ணீரை நிற்கவிடவே கூடாதாம். காய்ந்த அரிசி முதலில் பட்ட தண்ணீரைச் சடக்கென்று இழுக்கும். அந்தத் தண்ணீரில்தான் தவிட்டு வாடையும் தூசியும் இருக்கும். அதை அரிசி குடிப்பதற்குள் கொட்டிவிட வேண்டும் என்றார். நாம் செய்வது நேர்மாறு. முதல் தண்ணீரை விட்டுவிட்டு, போன் வந்தால் பேசப் போய்விடுவோம்.

அடுத்து, தண்ணீர் இல்லாமல் ஈர அரிசியை விரல்களை மடக்கி மெல்லச் சுழற்றினார். பிறகு தண்ணீர் விட்டு அலசுவது. இப்படி மூன்று நான்கு தடவை. இதற்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். 'தொகு' என்றார். கத்தி தீட்டுவதற்கும் அதே சொல்தான் என்று மகள் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாமும் கத்தியைத் தீட்டுகிறோம், அரிசியையும் தீட்டுகிறோம். என்ன, நமக்கு அரிசி தீட்டுவது மில்லில் நடக்கிற வேலை. அவர்கள் வீட்டில் கழுவுவதையும் தீட்டுவது என்கிறார்கள். நாம் அதற்குக் 'களைவது' என்கிறோம். வேண்டாததைக் களைவது. இரண்டு சொல்லும் ஒரே வேலையைத்தான் சொல்கின்றன.

இங்கே என் பள்ளிக்கூட ஞாபகம் ஒன்று. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பத்து வயதில், எங்கள் வீட்டைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். வயலில் நெல், பானையில் அரிசி, தட்டில் சோறு என்று எழுத நினைத்தேன். மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல் 'ரீ' ஒன்றுதான். வயலில் ரீ, பானையில் ரீ, தட்டிலும் ரீ. ஆசிரியர் சிரித்துவிட்டு, "அது அப்படித்தான்" என்றார். ஜப்பானியர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வயலில் நிற்பது 'இனே', அரிசி 'கொமே', சோறு 'கொஹான்'. அந்தக் கொஹானுக்குச் சாப்பாடு என்றும் பொருள். சோறு சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டாயா என்று நாம் கேட்பதுபோல. மூன்று பேர் வைத்திருக்கிற வீட்டில் அதற்கு மரியாதையும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

களைந்த அரிசியைச் சல்லடைக் கூடையில் கொட்டித் தண்ணீரை வடியவிட்டார். பிறகு அளந்த தண்ணீரில் ஊறவைத்தார். கோடையில் அரை மணி, குளிர் நாளில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். ஊறாத அரிசியை அடுப்பில் ஏற்றினால், தண்ணீர் உள்ளே போவதற்குள் வெளிப்பக்கம் வெந்து பசையாகிவிடும், நடுவில் முனை அப்படியே நிற்கும். நான் குக்கரில் கண்ட கல்லு முனை அதுதான் என்று பல வருடம் கழித்துப் புரிந்தது.

அவர் வீட்டில் மின்சாரக் குக்கர் இருந்தது. ஆனால் புது அரிசி வரும் காலத்தில் மட்டும் கனமான மண்சட்டியில் பொங்குவார். 'தொனாபே' என்று பெயர். மூடி போட்டு, கொதி வரும்வரை நல்ல தீ. கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அணைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் விடுவது. அந்தக் கடைசிக் காத்திருப்புக்கு 'முராசு' என்று பெயர். காதுக்கு முரசு கொட்டுவதுபோல இருக்கிறது, செய்வதோ சத்தமில்லாமல் சும்மா இருப்பது. நம் பிரியாணிக்காரர்கள் தம் போடுவதும் இதே காரியம்தான். மேலே ஈரமாகவும் அடியில் காய்ந்தும் இருக்கிற சோறு அந்த நேரத்தில் ஒரே பதமாகிவிடும். குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே என்று அவர்களிடம் ஒரு பழைய சொலவடை உண்டாம். அந்த அம்மாள் அதைச் சொல்லிவிட்டுச் சட்டியைச் சுட்டி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பொங்கி முடித்ததும், ஈரமாக்கிய தட்டையான மர அகப்பையால் சோற்றைச் சிலுவைக் குறி போட்டு நாலாக வெட்டி, ஒவ்வொரு பங்கையும் அடியிலிருந்து மேலே புரட்டிவிட்டார். கிளறவில்லை, நசுக்கவில்லை. அடங்கியிருந்த ஆவி வெளியேறிப் பருக்கை பருக்கையாகப் பிரிகிறது. களைந்த தண்ணீரைக்கூட வீணாக்கவில்லை, முள்ளங்கி வேகவைக்க எடுத்து வைத்தார். என் அம்மாவும் அரிசி கழுவின இரண்டாம் தண்ணீரில்தான் குழம்புக்குப் புளி கரைப்பாள்.

அந்த மின்சாரக் குக்கரின் கதையையும் சொல்ல வேண்டும். விறகடுப்பில் சோறு பொங்குவது அந்நாட்டுப் பெண்களுக்குப் பெரிய பாரமாக இருந்தது. விடியுமுன் எழுந்து, தீயை ஏற்றி இறக்கி, பக்கத்திலேயே நிற்க வேண்டும். தானாகப் பொங்கி, தானாக அணையும் பானையைத் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மினாமி யோஷிதாதா என்ற சிறு தொழிற்கூட முதலாளி. சோதனைகளைச் செய்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. நாள்தோறும் திரும்பத் திரும்பச் சோறு பொங்கி, வெப்பத்தையும் நேரத்தையும் குறித்து வைத்தவர் அந்த அம்மாள். கொதி வந்து சுமார் இருபது நிமிடம் நின்றால் சோறு பதமாகும் என்று கண்டார்கள். அதற்கு ஒரு தந்திரமும் செய்தார்கள். பானைக்கு வெளியே இன்னொரு பானை. இடையில் ஒரு கோப்பைத் தண்ணீர். அது வற்ற ஏறக்குறைய இருபது நிமிடம். வற்றியதும் சூடு நூறு டிகிரியைத் தாண்டும், சூடு பட்டு வளைகிற உலோகத் தகடு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நம் பெண்களுக்கு ஐம்பது வருடக் கைப்பழக்கம் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் கையிலேயே தங்கிவிடுகிறது. கை தளர்ந்த அன்று வீட்டில் வேறு யாருக்கும் சோறாக்கத் தெரியாது. ஃபுமிகோ செய்ததுபோல ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தால், முதல் வாரம் என் மனைவி அரைவயிறாகத் தூங்கியிருக்க வேண்டியதில்லை.

இனி ஒரு எச்சரிக்கை. முறையை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சோறு மாதிரியே வர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மாவுச்சத்தில் இரண்டு வகை உண்டு. அதில் அமிலோஸ் என்பது அதிகமிருந்தால் சோறு உதிரியாக இருக்கும், குறைந்தால் ஒட்டும். ஜப்பானியரின் குட்டை அரிசியில் அது குறைவு. அதனால்தான் அவர்களால் குச்சியால் எடுத்துச் சாப்பிட முடிகிறது. நமக்குக் குழம்பு ஊற்றிப் பிசைய உதிரிச் சோறு வேண்டும். அதனால் தண்ணீர்க் கணக்கும் வேறு. அவர்கள் அரிசிக்கு ஒன்றேகால் மடங்குகூட வேண்டாம். அதே கணக்கில் நம் பொன்னியை வைத்தால் அரிசியாகவே மிஞ்சும்.

இன்னொரு வேடிக்கை. அக்டோபரில் கடைக்குக் கடை 'ஷின்மாய்' என்று எழுதிப் பெருமையாக மூட்டை அடுக்கியிருந்தார்கள். புது அரிசி என்று பொருள். அந்த வருட அறுவடை. அதற்குத்தான் கிராக்கி. நம் ஊரில் கடைக்காரரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியே, "பழசு தானே? புதுசு இல்லையே?" என்பது. புது அரிசி ஒட்டும், குழையும், தண்ணீர் குறைவாக ஏற்கும். அவர்களுக்குப் பிடிப்பது அந்த ஒட்டல்தான். பழைய அரிசி தண்ணீரை நன்றாக ஏற்று உதிரியாகப் பூக்கும். நமக்குப் பிடிப்பது அது. ஒரே தானியம், இரண்டு ஊர் நாக்கு.

ஆனால் அவர்கள் அரிசிக்கும் நம் அரிசிக்கும் உறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். காரைக்காலில் இருந்த ஆறு வருடமும் வேளாண் துறையில்தான் கோப்பு புரட்டினேன். நெல் ரகப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது வெள்ளைப் பொன்னிக்கு எதிரே பெற்றோர் ரகமாக 'தாய்ச்சுங் 65' என்று ஒரு பெயர் வரும். என்னவோ எண் என்று அடித்துவிட்டுப் போவேன். பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், இரண்டு ஜப்பானிய ரகங்களைக் கலந்து அங்கே உருவாக்கிய நெல் அது. அதையும் மலேயாவின் 'மாயாங் எபோஸ்' என்ற ரகத்தையும் கலந்து பிறந்தது மசூரி. மலேசியாவில் 1965இல் வெளியானது. அந்த வழியில் வந்ததுதான் நம் பொன்னி. வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்டது. ஆகவே, "ஜப்பான்காரன் சொல்லித்தரணுமா?" என்ற நண்பரிடம், "நீங்கள் தின்கிற பொன்னிக்கே ஒரு ஜப்பானியப் பாட்டன் உண்டு" என்றேன். அன்று சுண்டல் வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். இருவருக்கு ஒரு வேளைக்கு ஒரு கோப்பை அரிசி, அந்த 180 மில்லிக் கோப்பைதான். தலை தட்டி அளப்பேன். முதல் தண்ணீர் உடனே சாக்கடைக்கு. பிறகு மூன்று முறை களைவேன். தண்ணீர் பளிங்குபோல வர வேண்டியதில்லை, லேசாகக் கலங்கியிருந்தால் போதும். பொன்னிப் பச்சரிசி என்றால் அதே கோப்பையால் இரண்டு கோப்பைத் தண்ணீர், அரை மணி ஊறல். புழுங்கல் என்றால் இரண்டரைக் கோப்பைத் தண்ணீர், ஒரு மணி நேர ஊறல். ஊறிய தண்ணீரோடே அடுப்பில் ஏற்றலாம். அடி கனமான பாத்திரம், இறுக்கமான மூடி. கொதி வரும்வரை நடுத்தர தீ. பிறகு அடுப்பில் எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிய தீ. பச்சரிசிக்குப் பன்னிரண்டு நிமிடம், புழுங்கலுக்கு இருபது. அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் மூடியைத் தொடுவதில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தில் அப்பளம் சுட்டுவிடலாம். கடைசியில் நாலாக வெட்டிப் புரட்டி, மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு துணி. வேர்த்த தண்ணீர் சோற்றில் சொட்டாது. அங்கே மரத்தொட்டியில் கொட்டி வைப்பார்கள், மிச்ச ஈரத்தை மரம் குடித்துவிடும். நமக்குத் துணி போதும்.

மூட்டைக்கு மூட்டை அரிசி மாறும். புது மூட்டை பிரித்தால் முதல் இரண்டு நாள் சோற்றைப் பார்த்துத் தண்ணீரைக் கால் கோப்பை கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். சரியாக வந்த அளவைச் சமையலறைக் காலண்டரில் எழுதிவிடுகிறேன். எழுத்தன் புத்தி. பிரஷர் குக்கர்தான் வசதி என்பவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். களைந்து ஊறவைத்து, தண்ணீரை அளந்து வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை வெயிட்டைத் தூக்காமல் இருந்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும். மின்சாரக் குக்கர் வாங்க வசதியிருந்தால் இன்னும் நல்லது. அது தானாக அணைந்துவிடும், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடிவர வேண்டாம்.

எதிர்ப்பு வராமல் இல்லை. முதல் எதிர்ப்பு என் அக்காவிடமிருந்து. எண்பத்திரண்டு வயது, முத்தியால்பேட்டையில் இருக்கிறாள். "வடிக்காத சோறு சோறாடா தம்பி?" என்றாள். "அக்கா, நம்ம சித்தப்பா வீட்டுல என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன். எங்கள் சித்தப்பா சொல்தாவாகச் சைகோனில் இருந்து வந்தவர். திரும்பி வந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே சமைப்பார். அங்கே பழகிய வழியில், சோற்றை வடிக்காமல், மூடி போட்டுத்தான் இறக்குவார். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து தின்றிருக்கிறோம். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஆமாண்டா, பன்னிக்கறியோட நல்லாத்தான் இருக்கும்" என்றாள். சைகோன் போய்வந்த குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனை! வடிக்காத சோறு நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை.

இரண்டாவது, கஞ்சி போய்விடுகிறதே என்பது. உண்மைதான். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் சுகமும், வேட்டிக்கு அந்தக் கஞ்சி போட்ட மொடமொடப்பும் இதில் இல்லை. அது எனக்கும் வருத்தம். வேண்டிய அன்று ஒரு கைப்பிடி நொய்யில் தனியாகக் கஞ்சி வைத்துக்கொள்கிறோம். பழையது பிரியர்களுக்கு ஒரு சொல்: இந்தச் சோற்றிலும் தண்ணீர் ஊற்றலாம், காலையில் நன்றாகவே இருக்கிறது.

மூன்றாவது, சர்க்கரைக்காரர்கள் வடித்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது. வடித்தால் கொஞ்சம் மாவுச்சத்து கஞ்சியோடு போவது உண்மை. ஆனால் பருக்கைக்குள் இருப்பதும் மாவுச்சத்துதான். வடித்த சோறு என்பதற்காக இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டால் கணக்கு அங்கேயே தவறிவிடும். அளந்து பொங்கியதால் எங்கள் வீட்டில் ஒரு நன்மை உண்டாயிற்று. யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்று முதன்முறையாகத் தெரிகிறது. மற்றபடி உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பென்ஷன் வாங்கும் நாம் காலையில் பேப்பர் படிக்கிறோம், மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துகிறோம். உள்ளே ஒருத்தி கனமான பானையைத் தூக்குகிறாள். அவளுக்கும் நம் வயதுதான். அவளுக்கு யாரும் ஓய்வு உத்தரவு கொடுக்கவில்லை. நான் எழுபத்து நாலு வயதில் கற்றுக்கொண்டேன், அதுவும் அவள் கால் வெந்த பிறகு. நீங்கள் அதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். சோறாக்கத் தெரியாமல் தனித்துப்போன நண்பர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். தினமும் கேரியர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து பழகுகிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். புண் ஆறியதும் என் மனைவி அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்தாள். நான் ஒதுங்கிக்கொள்ளப் பார்த்தேன். "குழம்பு நான் வைக்கிறேன், சோறு நீங்களே வைங்க" என்றாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அவளிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டேனோ என்று. அவளோ முக்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது தினமும் அங்கேதான் உட்காருகிறாள். நேற்று, அணைத்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும், ஆவி வாசனை வந்ததும் நான் அவசரப்பட்டு மூடியில் கை வைத்தேன்.

"என்னங்க, குழந்தை அழுதாலும் திறக்கக் கூடாது" என்றாள்.

கையை எடுத்துவிட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்து பரிமாறினேன். அவள் இரண்டாம் முறையும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.